நாற்று வாடினால் முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்

பெங்களூரில் ஃபிளாட்டில் இருந்துகொண்டு தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று விடும் நம்மவர்கள் கேட்பதெல்லாம் அநேகமாக இரண்டே கேள்விகள். இலை மஞ்சளாகிறது, என்ன உரம் போடலாம்? செடி துவள்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்? உரமும் மருந்தும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் வளரும் நாற்றுக்கு வரும் தொல்லைகள் பலவும், வேரின் அளவும் தொட்டியின் அளவும் பொருந்தாததால் வருபவை. தொட்டி பெரிதாகிவிட்டால் மண் காயவே காயாது. சிறிதாகிவிட்டால் அரை நாளில் காய்ந்துவிடும். இரண்டு நிலையிலும் இலை ஒரே மாதிரி தொங்கும் என்பதால், இலையை மட்டும் பார்த்து முடிவு செய்தால் தப்பாகத்தான் போகும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு ஒருமுறை தூக்கி அந்தக் கனத்தைக் கை பழகிக்கொள்ளட்டும். மண் காய்ந்த பிறகு இன்னொருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிட்டால், விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. மேல்மண் காய்ந்து அடிமண் சொதசொதவென்று இருப்பதை விரல் காட்டிக்கொடுக்காது, கனம் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு, வேரைப் பாருங்கள். இதற்குத்தான் பலருக்குப் பயம். தண்டு இரண்டு விரல்களுக்கு நடுவே வரும்படி உள்ளங்கையால் மண்ணை மூடி, தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, விளிம்பை மேசை ஓரத்தில் மெதுவாக இரண்டு தட்டு தட்டுங்கள். மண் ஈரமாக இருந்தால் அப்படியே வழுக்கிக்கொண்டு கைக்கு வந்துவிடும். ஆரோக்கியமான வேர் வெள்ளையாகவோ லேசான பால் நிறத்திலோ இருக்கும். மண் உதிராமல் பிடித்திருக்கும், நடுநடுவே மண்ணின் நிறமும் தெரியும். மண் பொலபொலவென்று உதிர்ந்தால் வேர் இன்னும் தொட்டியை எட்டவில்லை. மண்ணே தெரியாமல் வேர் மட்டும் சுற்றிச் சுற்றிக் கிடந்தால் தொட்டி போதவில்லை. வேர் பழுப்பாகி, நுனியை விரலால் இழுத்தால் தோல் உரிந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சி, புளித்த வாடை வந்தால் அழுகல். பார்த்துவிட்டு அதே தொட்டியில் திரும்ப இறக்கிவிடலாம். இதனால் செடிக்கு ஒன்றும் ஆகாது.

இனி அறிகுறிகள்.

முளைத்த நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து ஒரு பக்கம் சாய்கிறது

வெளிச்சம் போதவில்லை. தொட்டியை மாற்றினாலும் இது சரியாகாது. பெங்களூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். டிசம்பரில் வெயில் கொட்டிய தெற்கு ஜன்னலில் ஜூனில் நேர் வெயில் விழாமல் போவது இதனால்தான். போதாக்குறைக்கு மழைக்கால மேகம் வேறு. கிழக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் நாற்றை அங்கே வையுங்கள், வருஷம் முழுக்கக் காலை வெயில் கிடைக்கும். அது இல்லையென்றால் சாதாரண 20 வாட் வெள்ளை எல்.இ.டி. பட்டை விளக்கே போதும். நாற்றின் தலைக்கு அரை அடி மேலே கட்டி, தினம் 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். செடி வளர வளர விளக்கை உயர்த்த வேண்டும். மின்விசிறிக் காற்று லேசாகப் பட்டால் தண்டு தடிக்கும்.

ஏற்கெனவே நெடுநெடுவென்று போய்விட்ட நாற்றில் தக்காளியைக் காப்பாற்றிவிடலாம். அதன் தண்டு மண்ணுக்குள் போனால் அங்கேயும் வேர் விடும். மாற்றி நடும்போது வித்திலைகளை (விதை முளைத்ததும் முதலில் வரும் இரண்டு இலைகளை) கிள்ளிவிட்டு, முதல் உண்மை இலைக்குக் கொஞ்சம் கீழ் வரை புதைத்துவிடுங்கள். மிளகாயும் கத்தரியும் அப்படி வேர் விடுவது குறைவு. அவற்றை வித்திலைக்குக் கீழே நிறுத்திக்கொள்வது நல்லது.

தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூல்போல் மெலிந்து சரிகிறது

இது நாற்றழுகல். நேற்று வரை நின்ற நாற்று காலையில் படுத்திருக்கும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சைகளும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களும் ஈர மண்ணில் பரவி இதைச் செய்கின்றன. விழுந்தது பிழைக்காது, பக்கத்து மண்ணோடு எடுத்துப் போட்டுவிடுங்கள். மிச்சத்தைக் காப்பாற்றத் தண்ணீரைக் குறைத்து, மேல்மண் காயவிட்டு, மூடி போட்டிருந்தால் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். அடுத்த தடவை விதைக்கும்போது ஒரு டப்பாவில் கைப்பிடி விதையைத் தூவாமல் குழித்தட்டில் குழிக்கு ஒன்றாக விதையுங்கள். 98 குழி உள்ள தட்டில் ஒவ்வொரு நாற்றும் தனித்தனியாக நிற்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாகப் பரவாது. நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி பொடியைக் கலவையில் சேர்ப்பது நல்ல வழக்கம். பழைய தொட்டி மண்ணில் நாற்று விடாதீர்கள்.

மாற்றி நட்டு வாரக்கணக்காகிறது, செடி அப்படியே நிற்கிறது

இந்த அறிகுறியைத்தான் பெரும்பாலோர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். இலை சாகவில்லை, வளரவும் இல்லை. கீழ் இலை ஒன்றிரண்டு வெளிறுகிறது. மண்ணைத் தொட்டால் எப்போதும் ஈரம். தூக்கினால் தொட்டி கனக்கிறது. "எப்படியும் பெரிய செடியாகத்தானே ஆகும், ஒரேயடியாகப் பெரிய தொட்டியிலேயே வைத்துவிடலாம்" என்று சுண்டுவிரல் நீள நாற்றை 12 இன்ச் தொட்டியில் வைத்திருப்பார்கள்.

தொட்டியின் அகலமும் உயரமும் இரு மடங்கானால் கொள்ளளவு கிட்டத்தட்ட எட்டு மடங்காகும். 4 இன்ச் தொட்டியில் சுமார் அரை லிட்டர் மண் பிடிக்கும். 6 இன்ச்சில் 2 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 8 இன்ச்சில் 4 லிட்டருக்கு மேல், 10 இன்ச்சில் 8 லிட்டர் போல, 12 இன்ச்சில் 14, 15 லிட்டர். குழித்தட்டு நாற்றின் வேர் ஒரு நாளைக்குக் குடிப்பது சில ஸ்பூன் தண்ணீர். 15 லிட்டர் மண்ணை நனைத்தால் அந்தத் தண்ணீரை யார் குடிப்பது? வயலில் என்றால் வெயிலும் காற்றும் இழுத்துக்கொள்ளும், மிச்சம் ஆழத்துக்கு இறங்கிவிடும். வீட்டுக்குள் எதுவும் நடக்காது. மண்ணின் இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கும். வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, நுனி கருகும், பிறகு அழுகும்.

துளை இருந்தாலும் தொட்டியின் அடியில் ஒரு பட்டை மண் முழுக்க நனைந்தேதான் நிற்கும். அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் தன்மை. அதனால் உயரம் குறைந்த அகலமான தொட்டியில் நனைந்த பங்கு அதிகம், உயரமான தொட்டியில் குறைவு. அடியில் இரண்டு இன்ச் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ பரப்பினால் தண்ணீர் வடியும் என்று காலங்காலமாகச் செய்துவருகிறோம். உண்மையில் நனைந்த பட்டை அந்தச் சில்லுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் கிட்டத்தில் வந்துவிடும். துளை வழியாக மண் போகாமலிருக்க ஒரே ஒரு சில்லு வைத்தால் போதும்.

அதனால் படிப்படியாகப் போவதுதான் சரி. குழித்தட்டிலிருந்து 4 இன்ச், அங்கே வேர் சுற்ற ஆரம்பித்ததும் 6 அல்லது 8 இன்ச், கடைசியில் செடிக்கான முழு அளவு. இப்போது இருக்கும் வேர்க்கட்டியைவிட இரண்டு இன்ச் அகலம் கூடுதல் என்பது கணக்கு. இதில் விலக்கும் உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, காற்று வறண்டு வெயில் ஏறும் மாதங்களில், நல்ல வெயில் விழும் பால்கனிக்குப் போகப்போகும் தக்காளியை 4 இன்ச்சிலிருந்து நேராக 12க்கே கொண்டுபோகலாம். அது குடித்துத் தீர்த்துவிடும். ஜூன் முதல் அக்டோபர் வரை அந்தத் துணிச்சல் வேண்டாம்.

இப்போது மாட்டிக்கொண்டிருக்கும் செடியை என்ன செய்வது? வெளியே எடுத்து, பழுப்பான வேர்களைக் கத்தரித்துவிட்டு, மிச்ச வேர் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுச் சின்னத் தொட்டிக்கு இறக்குங்கள். புதுக் கலவை பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் இருக்கட்டும். உரம் கூடாது. புதுத் தளிர் தெரியும் வரை சும்மா விட்டுவிடுங்கள். எடுக்க முடியாத நிலை என்றால், பழைய காட்டன் துணியைத் திரித்துத் துளை வழியாக மண்ணுக்குள் கொஞ்சம் செருகி, மறுநுனியை வெளியே தொங்கவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றிவையுங்கள். தேங்கிய தண்ணீரைத் திரி இழுத்துச் சொட்டவிடும்.

மண்தொட்டியா பிளாஸ்டிக்கா என்பதும் இதோடு சேர்ந்ததே. பெங்களூரின் குயவர் பகுதியான பாட்டரி டவுனில் கிடைக்கும் மெருகு பூசாத மண்தொட்டியின் பக்கங்கள் வழியாகவும் ஈரம் ஆவியாகும். தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கிறவர்களுக்கு மண்தொட்டிதான் பொருத்தம். வாரக்கடைசியில் ஊருக்குப் போகிறவர்களுக்குப் பிளாஸ்டிக். புது மண்தொட்டியை நடுவதற்கு முன் ஒருமணி நேரமாவது தண்ணீரில் ஊறப்போடுங்கள், இல்லையென்றால் வேரின் ஈரத்தை அதுவே உறிஞ்சிவிடும்.

காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காணோம், செடி தொங்குகிறது

தூக்கினால் தொட்டி பஞ்சாய் லேசாக இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் வேர் வளையம் போட்டிருக்கும், துளை வழியாகவும் எட்டிப்பார்க்கும். இதற்குத் தொட்டி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மாற்றும்போது அந்த வளையத்தை அப்படியே புதைத்தால் புது மண்ணிலும் வேர் பழையபடி சுற்றிக்கொண்டே இருக்கும். அடி வளையத்தை விரலால் பிரித்துவிடுங்கள். பிரியாவிட்டால் பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் கத்தியால் மேலிருந்து கீழாக லேசாகக் கீறுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் இதைத் தாங்கும்.

வேர் சுற்றவில்லை, ஆனாலும் தொட்டி லேசாகவே இருக்கிறது என்றால் சந்தேகம் கலவையில் உள்ள கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மேல்தான். முழுக்கக் காய்ந்த கோகோபீட் சுருங்கி, தொட்டியின் ஓரத்தில் இடைவெளி விழும். ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாகத் தட்டுக்கு ஓடிவிடும். தட்டு நிறையத் தண்ணீர் இருக்கும், வேர் காய்ந்து கிடக்கும். தொட்டியை ஒரு பேசினில் வைத்துப் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, மேல்மண் நனையும் வரை அரைமணி நேரம் விட்டுவைத்து, எடுத்து வடியவிடுங்கள்.

மாற்றி நட்ட மறுநாளே துவண்டுவிட்டது

பகலில் துவண்டு இரவில் நிமிர்ந்தால் கவலை இல்லை, இரண்டு மூன்று நாளில் பச்சை பிடித்துவிடும். விடியற்காலையிலும் நிமிரவில்லை என்றால் வேர் அதிகமாக அறுந்திருக்கிறது. இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, மூடியைத் திறந்து வைத்துச் செடியின் மேல் கவிழ்த்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். தொட்டி கனமாக இருக்கும்போது மேலே மேலே தண்ணீர் ஊற்றுவதுதான் இந்தக் கட்டத்தில் செடியைக் கொல்லும்.

அடுத்த தடவை இது வராமலிருக்க, நேரமும் கைப்பழக்கமும் முக்கியம். தக்காளிக்கு விதைத்த 25 முதல் 30 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் என்று கணக்கு சொல்வார்கள். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு, அதனால் நாளை எண்ணுவதைவிட இரண்டு ஜோடி உண்மை இலை வந்ததா, குழியிலிருந்து மண் உதிராமல் கட்டியாக வருகிறதா என்று பாருங்கள். எடுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே தட்டுக்குத் தண்ணீர் விடுங்கள். புதுத் தொட்டியில் ஈரக் கலவையை நிரப்பிக் குழி போட்டுவிட்டுப் பிறகு நாற்றை எடுங்கள். வேர் வெளியே காயும் நேரம் அவ்வளவுக்கு அவ்வளவு குறையும். அடியிலிருந்து விரலால் தள்ளி, இலையைப் பிடித்துத் தூக்குங்கள். தண்டைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் நாற்றே போயிற்று. சுற்றி மண்ணைத் தள்ளி விரலால் லேசாக அணைத்தால் போதும், இடிக்க வேண்டாம். துளை வழியே வடியும் வரை ஒருமுறை தண்ணீர். இதெல்லாம் சாயங்காலம் செய்யுங்கள். வயலில் நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விடுவார்கள். தொட்டியில் நாளைப் பார்க்காமல் கனத்தைப் பார்த்து அடுத்த தண்ணீர் விடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் வரை உரம் வேண்டாம்.

டீ கப்பில் நாற்று விட்டு, "காகிதம்தானே, மக்கிவிடும்" என்று கப்போடு நடுகிறவர்கள் உண்டு. காகிதக் கப்பின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அது மக்காது. கிழித்து எடுத்துவிட்டு நடுங்கள். நர்சரியில் வாங்கிய நாற்றின் வேரைச் சுற்றி மெல்லிய வலைத்துணி இருந்தால் அதையும் கத்தரித்து எடுங்கள்.

பால்கனிக்கு மாற்றியதும் இலையில் வெள்ளைத் திட்டு

வெயில் சுட்ட காயம். கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த இலைக்கு நேர் வெயில் பழக்கமில்லை. திட்டு மறையாது, புது இலை நன்றாக வரும். முதல் நாள் காலை வெயிலில் ஒருமணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு நேரம் என்று பழக்குங்கள்.

இலை மஞ்சள், ஊதா, மண்மேல் வெள்ளைப் படிவு

கீழ் இலை மட்டும் சீராக மஞ்சளாகி, வேரும் வெள்ளையாக, மண்ணும் சரியான ஈரத்தில் இருந்தால், அப்போதுதான் அது பசி. கோகோபீட்டில் செடிக்கு வேண்டிய சத்து அநேகமாக ஒன்றுமில்லை. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம் கரைத்து வாரம் ஒருமுறை ஊற்றலாம். அல்லது கலவையிலேயே மூன்று பங்கு கோகோபீட்டுக்கு ஒரு பங்கு மண்புழு உரம் சேர்த்துவிடலாம்.

டிசம்பர், ஜனவரியில் தக்காளி நாற்றின் இலை அடியில் ஊதா ஓடினால் குளிர்தான் காரணம். இரவில் 15 டிகிரி அளவுக்கு இறங்கும்போது வேரால் பாஸ்பரஸை இழுக்க முடிவதில்லை. இரவு ஜன்னலை விட்டு உள்ளே நகர்த்துங்கள், பாஸ்பரஸ் உரமான டி.ஏ.பி. போட ஓடாதீர்கள்.

வெள்ளைப் படிவும் இலை ஓரக் கருகலும் சேர்ந்து வந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். பெங்களூரில் நிறைய அடுக்ககங்களில் போர்வெல், டேங்கர் தண்ணீரின் கடினத்தைப் போக்க உப்பு போடும் கருவி வைத்திருக்கிறார்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. பாத்திரத்துக்கு நல்லது, நாற்றுக்குக் கெடுதல். காவிரித் தண்ணீர் வரும் குழாய் தனியாக இருந்தால் அதிலிருந்து பிடியுங்கள், மழைத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீரை ஊற்றவே கூடாது, உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. படிவு வந்த தொட்டிக்கு அதன் கொள்ளளவில் இரு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். மலிவான கோகோபீட்டிலும் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து இரண்டு மூன்று முறை அலசிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், நாற்று விடுவதற்கென்றே நொதிக்கவைத்த கோகோபீட்டை உருவாக்கியிருக்கிறது. அந்த நிறுவனத்தின் அர்கா ரக விதை வாங்கப் போகிறவர்கள் அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

தொட்டியைச் சுற்றிக் கொசு மாதிரி சின்ன ஈ

ஈரம் காயாத மண்ணில் முட்டையிடும் ஈ. அதன் புழு இளவேரைக் கடிக்கும். மேல்மண் ஒரு இன்ச் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள், பிறகு தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள், ஈ ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் அட்டை ஒன்று செருகுங்கள். ஈ தொடர்ந்து வந்தால் தொட்டி பெரிதாக இருக்கலாம், வேரைப் பார்த்துவிட்டு மேலே சொன்னபடி சின்னத் தொட்டிக்கு இறக்குங்கள்.

கொத்தமல்லி, முள்ளங்கி, கேரட் நாற்று பிடிக்கவேயில்லை

இவற்றைப் பிடுங்கி நடக்கூடாது. ஆணிவேர் ஒடிந்தால் கேரட்டும் முள்ளங்கியும் கோணிப்போகும், கொத்தமல்லி சீக்கிரம் பூத்துவிடும். வளரப்போகும் தொட்டியிலேயே நேரடியாக விதையுங்கள். கொத்தமல்லிக்கும் கீரைக்கும் 6 இன்ச் ஆழம் போதும், கேரட்டுக்கு 10, 12 வேண்டும். வெள்ளரி, பாகல் நாற்றை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு இலையிலேயே, வேர்மண் உடையாமல் மாற்றுங்கள்.

பூ வருகிறது, உதிர்கிறது. ஒரே நாளில் இரண்டு தடவை தண்ணீர் கேட்கிறது

கடைசித் தொட்டி போதவில்லை. தக்காளிக்கு 12 இன்ச்சுக்குக் குறையக் கூடாது, கத்தரிக்கு 10 முதல் 12, மிளகாய்க்கு 8 முதல் 10, துளசிக்கு 6 முதல் 8. பூக்கும் நேரத்திலும் தொட்டி மாற்றலாம், வேர்க்கட்டியை உடைக்காமல் அப்படியே இறக்கினால் போதும். வீட்டுக்குள் காற்றில்லாமல் பூ உதிர்வதும் உண்டு, காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். 12 இன்ச் தொட்டி நனைந்தால் 10 கிலோவுக்கு மேல் இருக்கும், செம்மண் கலந்தால் இன்னும் கூடும். அதை ஜன்னல் கிரில்லில் ஏற்ற வேண்டாம், சக்கரம் வைத்த பலகைமேல் தரையில் வைத்தால் வெயில் நகர நகரத் தள்ளிக்கொள்ளலாம்.